புளியமரத்தடியில் எது பிழைக்கும்

அக்கா,

இன்று காலை புது வார்டு வாசலில் ஈரச் சாக்கில் சுற்றிய ஒரு கட்டுச் செடிக் கன்றுகளை இறக்கிவிட்டுப் போனார்கள். சாக்கைப் பிரித்ததும் ஈரமண்ணும் கசங்கிய இலையும் சணலும் கலந்த ஒரு வாசனை வந்தது. அது என்னை அப்படியே படியில் உட்கார வைத்துவிட்டது. புதிதாக வந்திருக்கும் வார்டு சிஸ்டர் சின்னப் பெண். பக்கத்தில் வந்து நின்று, "ஆயா, இந்த மரத்தடி காஞ்சு கட்டாந்தரையா கிடக்கு. வெயிலும் படல, தண்ணியும் நிக்கல. இதுல எதை வச்சா வரும்? உங்களைக் கேட்டாத் தெரியும்னு சொன்னாங்களே" என்றாள். அப்புறம் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

உனக்கு எழுத்து தெரியாது. நீ உயிரோடு இருந்தபோதும் உனக்கென்று ஒரு கடிதம் வந்ததில்லை. இப்போது நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. ஆனாலும் இதை வேறு யாரிடம் சொல்வது? எனக்குத் தெரிந்ததெல்லாம் உன்னோடு சேர்ந்து தெரிந்துகொண்டதுதானே.

நான் இங்கே வந்து சேர்ந்த நாள் உனக்கும் நினைவிருக்கும். சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து கூண்டு வண்டியில், முன்னும் பின்னும் திரை கட்டி அண்ணன் அழைத்து வந்தார். எங்கள் குடும்பம் கோயிலுக்கு மாலை கட்டிக் கொடுக்கும் குடும்பம். என் முழங்கைக்கு மேலே இருந்த வெளுத்த படை குஷ்டம்தான் என்று தெரிந்த அன்றே புகுந்த வீட்டில் என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். விஷயம் வெளியே தெரிந்தால் எங்கள் வீட்டுப் பூவை யார் தொடுவார்கள்? ஆசுபத்திரி வாசலில் அண்ணன் என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "நீ மெட்ராஸ்ல அத்தை வீட்ல இருக்கிறதா தெருவுல சொல்லியிருக்கோம். கடுதாசி கிடுதாசி போட்டுடாதே."

பெண்கள் பகுதிக்குள் என்னைக் கொண்டுவந்து விட்டபோது, நீ புளியமரத்தடியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாய். என் அழுத முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னா தங்கச்சி, ஊர்ல உன்ன எங்க போயிருக்கிறதா சொல்லிக்கீறாங்க?" என்று கேட்டாய்.

"மெட்ராஸுக்கு."

"தேவலையே! என் வூட்ல அதுக்குக் கூட வழியில்ல. குப்பமே நின்னு வேடிக்க பாத்துச்சு" என்று சிரித்தாய். அந்தச் சிரிப்பை நான் வெறுத்தேன். இந்த இடத்தில் எப்படி ஒருத்திக்குச் சிரிப்பு வரும் என்று இருந்தது. உன் கையில் இரண்டு விரல்கள் குட்டையாக இருந்ததையும் அப்போதுதான் பார்த்தேன். அன்று முழுவதும் உன் பக்கம் திரும்பவே இல்லை.

நமக்கென்று இருந்த இடம் எவ்வளவு? வார்டு, மருந்து அறை, கிணற்றடி, நடுவில் அந்தப் புளியமரம். அதைச் சுற்றி ஆளுயரத்துக்கு மேல் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் ஆண்கள் பகுதி. அங்கே வெயில் இருந்தது, காய்கறிப் பாத்தி இருந்தது. நம் பக்கம் கிளை விரித்த மரம் வெயிலையெல்லாம் தானே வாங்கிக்கொண்டது. கீழே மண் செங்கல் மாதிரி இறுகிக் கிடந்தது. மாலையில் செங்கல்பட்டிலிருந்து கிளம்பும் ரயில் ஊதுவது இங்கே கேட்கும். அது என் ஊர் வழியாகத்தான் போகும். கூவுவது காதில் விழும் தூரத்தில் இருந்தும் ஏற முடியாத ரயில் அது. முதல் மாதங்களில் அந்தச் சத்தம் கேட்கிற நேரத்தில் இரண்டு காதையும் பொத்திக்கொள்வேன். நீ ஒருநாள் என் கையை விலக்கி, "எனுக்குக் கடலு சத்தம் கூட இங்க கேக்காது. உனுக்காச்சும் கேக்குது, கேட்டுக்க" என்றாய்.

அன்றுதான் நாம் பேசத் தொடங்கினோம். வெளியே இருந்திருந்தால் உன் குப்பத்துப் பக்கம் நான் வந்திருக்க மாட்டேன். எங்கள் தெருவுக்குள் உன்னை விட்டிருக்க மாட்டார்கள். இங்கே ஒரே பானைச் சோறு, பக்கத்துப் பக்கத்துக் கட்டில். வாரம்தோறும் ஒன்றாக வரிசையில் நின்று, நீரடிமுத்து எண்ணெய் ஊசி போட்டுக்கொண்டு, வீங்கிய இடத்தைத் தேய்த்துக்கொண்டே திரும்பி வருவோம்.

மாபலிபுரத்துப் பக்கமிருந்து ஆசுபத்திரிச் சமையலுக்கு மீன் கொண்டுவருகிற பெரியவர் ஒரு சித்திரை மாதம் உனக்குச் செய்தி கொண்டுவந்தார். வருகிற பொங்கல் கழிந்து உன் கொழுந்தன் உன் மகளைக் கூட்டிவந்து காட்டுவானாம். நடக்கத் தொடங்கிய குழந்தையை விட்டுவிட்டு வந்தவள் நீ. செய்தியைக் கேட்டதும் நீ சிரிக்கவில்லை, அழவில்லை. எழுந்து போய் மரத்தடியைச் சுற்றிச் சுற்றி நடந்தாய். பார்க்க வருகிறவர்கள் அங்கேதான் நிற்க வேண்டும். இரண்டு கம்பத்துக்கு நடுவே ஒரு கயிறு. கயிற்றுக்கு அந்தப் புறம் அவர்கள், இந்தப் புறம் நாம்.

"தங்கச்சி, இது சுடுகாடு மாரி கீதே. ஒரு பச்ச இல்ல. இதுல நின்னு ஆத்தாளப் பாத்துட்டுப் போனா அது ராவுல தூங்குமா? எதுனா நட்டுடணும்."

"புளியமரத்தடியில எதுவும் வராதுக்கா. எல்லாரும் சொல்றதுதானே."

"எல்லாரும் சொல்லட்டும். நீ தோண்டு."

உன் கையால் நீ தோண்டக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். உன் உள்ளங்கையில் உணர்ச்சி கிடையாது. மண்வெட்டிப் பிடி தோலை உரித்தாலும் ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் உனக்குத் தெரியும். அதனால் தோண்டுவது நான், அதட்டுவது நீ. முதலில் கடற்கரையிலிருந்து அடம்பங்கொடியை வரவழைத்தாய். மணலிலே தண்ணீரே இல்லாமல் படர்கிற கொடி, இங்கேயா சாகும் என்றாய். மீன் கூடையில் சுருட்டி வந்த அந்தக் கொடி ஒரே வாரத்தில் மஞ்சளாகிப் படுத்துவிட்டது. அதற்குத் தண்ணீர் வேண்டியதில்லை. ஆனால் வெயில் வேண்டும். பிறகு என் ஆசைக்கு நந்தியாவட்டைக் குச்சிகளை நட்டோம். எங்கள் வீட்டுக் கொல்லையில் அது கேட்பாரற்று வளரும். இங்கே துளிர் விட்டது, நாம் குதித்தோம், ஆனி மாதத்தில் துளிரோடு கருகிப் போனது. அப்போது இருந்த பெரிய சிஸ்டர் பரிவோடு இரண்டு ரோஜாத் தொட்டிகள் கொடுத்தார். அவற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

குடம் குடமாக ஊற்றினோம். நாம் ஊற்றிய தண்ணீரெல்லாம் மரத்துக்குத்தான் போயிற்று. கோடையில் கிணறு அடிமட்டத்துக்கு இறங்கியபோது, குளிக்கிற தண்ணீரில் மிச்சம் பிடித்து ஊற்றினாய். மற்றப் பெண்கள் முணுமுணுத்தார்கள். "பேஜாரு பண்றியே, உன் பொண்ணு வரதுக்கு நாங்க அழுக்கோட இருக்கணுமா?" என்று ஒருத்தி சண்டைக்கு வந்தாள். நீ அவளிடம் சண்டை போடவில்லை. உன் பங்குத் தண்ணீரையும் கீழே வைத்துவிட்டுப் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாய். அன்று சாயங்காலம் அவளே ஒரு குவளை தண்ணீரைக் கொண்டுவந்து வேரில் ஊற்றியதை நான் பார்த்தேன்.

ஆடி மாதம், எல்லாம் செத்த பிறகு, நாம் இருவரும் மரத்தடியில் சும்மா உட்கார்ந்திருந்தோம். நான்தான் கேட்டேன், "அக்கா, நமக்குப் பிடிச்சதையே வச்சு வச்சுச் சாகடிக்கிறோமே. இங்க தானா எது உயிரோட இருக்கு?" அப்போதுதான் கண்ணைத் திறந்து சுற்றிப் பார்த்தோம். சமையல்கட்டுச் சுவரின் நிழலில், யாரும் தண்ணீர் ஊற்றாமல், ஆட்டுக்கும் பிடிக்காமல் ஆடாதோடை நின்றது. வேலியோரக் காரைப் புதருக்குள் மருள் கற்றாழை கத்தி கத்தியாக நின்றது. மருந்து அறைக்குப் பின்னால் டிசம்பர்ப் பூச்செடி ஒரு பெரிய புதராகக் கிடந்தது. தினமும் அதைக் கடந்துதான் ஊசி போட்டுக்கொள்ளப் போனோம், ஒருநாளும் பார்க்கவில்லை.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்ட பிறகு அவற்றை மாற்றினோம். முன்பு குழி தோண்டும்போது குறுக்கே வந்த வேரையெல்லாம் வெட்டினேன். இந்தத் தடவை வெட்டவில்லை. இரண்டு வேருக்கு நடுவே மண் எங்கே ஆழமாக இருக்கிறது என்று குச்சியால் குத்திப் பார்த்து, அங்கே மட்டும் வைத்தேன். பெரிய செடிகளை விட்டுவிட்டு, புதரின் அடியில் வேர்விட்டிருந்த சின்னக் கன்றுகளாக எடுத்தோம். விரிசல் விட்ட பானைகளைச் செடிக்குப் பக்கத்தில் கழுத்துவரை புதைத்துத் தண்ணீரை அதற்குள் ஊற்றினோம். கசிந்து கசிந்து போகட்டும் என்று. பெருக்குகிறவளோடு நீ மல்லுக்கட்டினாய். "இலைய வாராதே! கீழயே கெடக்கட்டும், மண்ணு காயாம கீது பாரு." புளிய இலைச் சருகு மெத்தை மாதிரி படிந்தது. இன்று காலை அந்தச் சின்ன சிஸ்டர் என்னைக் கேட்டாளே, அதற்கு இவ்வளவுதான் பதில். நாளைக்கு அவளிடம் சொல்லிவிடுவேன்.

மார்கழியில் முதல் மொட்டு வந்தது. அந்தப் பெரிய சிஸ்டர் அதைப் பார்த்துவிட்டு, நல்ல மனத்தோடுதான் சொன்னார்: "பாருங்கம்மா, கிடைச்ச இடத்துல கிடைச்சதைக் கொண்டு இது பூக்குது. நீங்களும் இப்படி இருக்கப் பழகிக்கணும்."

நீ நிமிர்ந்து பார்த்தாய். "செடிக்கு எழுந்து போறதுக்குக் காலு இல்ல சிஸ்டர். எனுக்குக் கீது."

அவர் முகம் சிவந்து போய்விட்டது. உள்ளே போய்விட்டார். உனக்கு அன்று கோபம் அடங்கவே இல்லை. "வாசல்ல ஆளு நிக்குது, சுவரு நிக்குது. அத எடுத்துட்டு அப்பறம் பழகிக்கச் சொல்லட்டும்" என்று என்னிடம் பொரிந்து தள்ளினாய். எனக்கோ பழகிவிட்டிருந்தது, அக்கா. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ரயில் ஊதினால் நான் தலை தூக்குவதுகூட இல்லை அப்போது.

பொங்கல் கழிந்து அவர்கள் வந்தார்கள். மரத்தடி முழுக்க ஊதாப் பூ. ஒருத்தியும் ஒரு பூவைக்கூடப் பறிக்கவில்லை. எல்லாம் உன் மகளுக்கு என்று விட்டு வைத்திருந்தோம். நீ காலையிலிருந்தே தலைவாரி, புடவைத் தலைப்பை முன்னால் இழுத்துக் கைகளை அதற்குள் வைத்துக்கொண்டு நின்றாய். உன் கொழுந்தன் கயிற்றுக்கு வெகு தூரத்திலேயே நின்றுவிட்டான். சிறுமி மட்டும் கயிறு வரை வந்தாள். உன் கண்ணும் உன் நெற்றியும் அவளுக்கு.

"நீதான் எங்கம்மாவா?"

"ஆமாண்டி கண்ணு."

"வூட்ல இருக்கிற அம்மா சொல்லிச்சு, உனுக்கு ஒடம்பு செரியானதும் நீ வந்துடுவேன்னு."

வீட்டில் இன்னொரு அம்மா இருப்பது அப்படித்தான் உனக்குத் தெரிந்தது. உன் முகம் ஒரு கணம் கல்லாகி மறுபடி இளகியது. "வந்துடுவேன்" என்றாய். பிறகு, "பூ கீது பாரு, எல்லாம் உனுக்குத்தான். பறிச்சிக்க" என்றாய்.

சிறுமி குனிந்தாள். தூரத்திலிருந்து அவன் கத்தினான்: "தே! எதையும் தொடாத! வா இப்படி!"

நீட்டிய கையை இழுத்துக்கொண்டு அவள் உன்னைப் பார்த்தாள். நீ ஏதாவது சொல்வாய் என்று காத்திருந்த மாதிரி இருந்தது. தொடலாம் என்று எப்படிச் சொல்வாய்? தொடாதே என்றும் எப்படிச் சொல்வாய்? அவள் போய்விட்டாள். வாசல் கதவைத் தாண்டும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

அவள் போன பிறகு நீ என்னிடம், "தங்கச்சி, உனுக்கு மால கட்டத் தெரியும் இல்ல? அல்லாத்தையும் பறிச்சுக் கட்டு" என்றாய். வாழைநார் கிடைக்கவில்லை, கட்டுப்போடும் துணியில் நூல் பிரித்துக் கட்டினேன். நம் வார்டில் இருந்த அத்தனை பெண்களும் அன்று பூ வைத்துக்கொண்டார்கள். இங்கே வந்ததிலிருந்து தலையில் பூவே வைக்காதவர்கள். நடக்க முடியாமல் படுத்திருந்த கிழவிக்கு நீயே கொண்டுபோய்ச் சொருகினாய். பிறகு என் பக்கம் தலையைத் திருப்பிக் காட்டி வைக்கச் சொன்னாய். வைக்கும்போது உன் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. முன்னால் வந்து உன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அதற்கப்புறம்தான் எண்ணெய் ஊசி போய் வெள்ளை மாத்திரை வந்தது. இரண்டு மூன்று வருஷம் விடாமல் விழுங்கினோம். உனக்குச் சோதனையில் கிருமி இல்லை என்று முதலில் வந்தது. போகலாம் என்றார்கள். வாசல்காரர் தானே கதவைத் திறந்துவிட்டார். நீ திரும்பிக்கூடப் பார்க்காமல் போனாய்; எனக்கு அது பிடித்திருந்தது.

ஒரு மாதம் முடிவதற்குள் மத்தியான வெயிலில் வாசலில் வந்து நின்றாய். பஸ்ஸில் உன்னை ஏற்றவில்லை. மாபலிபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக நடந்தே வந்திருந்தாய். சவுக்குத் தோப்போரம் ஒரு குடிசையில் உன்னைத் தனியாக வைத்தார்களாம். "சோத்தத் தரையில வச்சுட்டு ஓடுறாங்க, தங்கச்சி. இங்க கையில குடுப்பாங்க" என்றாய், அவ்வளவுதான். மகளைப் பற்றி நானும் கேட்கவில்லை. உன் காலைக் கழுவும்போது பார்த்தேன். செருப்பைக் குத்திக்கொண்டு ஒரு ஆணி உள்ளங்காலில் ஏறியிருந்தது. அவ்வளவு தூரமும் அதன் மேலேயே நடந்திருக்கிறாய்.

என் முறை வந்தபோது அண்ணன் வந்தார். தங்கைக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருக்கிறார்களாம், கொஞ்ச நாள் போகட்டும் என்றார். கொஞ்ச நாள் போயிற்று; பிறகு தங்கைக்குப் பிரசவம், பிறகு அப்பாவுக்கு உடம்பு சரியில்லை. ஆசுபத்திரியில் ஆயா வேலை கொடுத்தார்கள். இப்போது வாசல் எனக்குத் திறந்தே இருக்கிறது. அந்த ரயிலில் நான் ஏறலாம். ஏறி, எந்த வீட்டு வாசலில் போய் இறங்குவது?

உன் காலில் இருந்த புண் ஆறுவதும் திறப்பதுமாகவே இருந்தது. போன கோடையில் அது எலும்புக்குள் போய்விட்டது, காய்ச்சல் வந்தது, உன்னால் எழுந்திருக்க முடியவில்லை. கடைசிவரை உனக்கு நினைவு தெளிவாக இருந்தது. "எம் பொண்ணுகிட்ட யாராவது சொல்லணும். மீன்காரரு சொல்ல வேணாம். நீ போய்ச் சொல்லு" என்றாய்.

போனேன், அக்கா. உனக்கு இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். செங்கல்பட்டில் பஸ் ஏறினேன். என்னை யாரும் இறக்கிவிடவில்லை. என் கை கால் முழுசாக இருக்கிறது, யாருக்கும் தெரியவில்லை. மாபலிபுரத்தில் இறங்கி, கல் கொத்துகிற சத்தத்தைத் தாண்டி, கேட்டுக் கேட்டு உன் குப்பத்துக்குப் போனேன். கடலை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். நீ அதைச் சின்னதாகச் சொல்லியிருக்கிறாய்.

உன் மகள் தாவணி போட்டிருந்தாள். காயப் போட்ட கருவாட்டைத் திருப்பிக்கொண்டிருந்தாள். நான் எங்கிருந்து வருகிறேன் என்று சொன்னதும், சுற்றி நின்ற பெண்கள் பின்வாங்கினார்கள். அவள் கையைத் துடைத்துக்கொண்டு, கரையில் ஏற்றிப் போட்டிருந்த கட்டுமரத்துக்கு என்னைக் கூட்டிப் போய் அதன் மேல் உட்கார வைத்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"அம்மாவுக்கு ரொம்ப வலிச்சிச்சா?" என்று கேட்டாள்.

இல்லை என்று சொன்னேன். அது உண்மைதான். உனக்கு அந்தக் கால் வலித்தே இருக்காது. வலித்திருந்தால் ஆணியைப் பிடுங்கிப் போட்டிருப்பாய், இன்னும் இருந்திருப்பாய். அதை அவளிடம் எப்படிச் சொல்வது? "இல்லம்மா, வலிக்கல" என்று மட்டும் சொன்னேன். அவளுக்கு அது ஆறுதலாக இருந்தது.

பிறகு அவள் ஒரு காரியம் செய்தாள். நின்றுகொண்டிருந்தவள் வந்து அந்தக் கட்டையில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். இடம் விட்டு அல்ல. ஒட்டி, தோளோடு தோள் பட. தூரத்திலிருந்து யாரோ அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். "வரேன் போ" என்றாள், எழுந்திருக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அவள் தலை என் மேல் சாய்ந்தது. வெயில் சாயும்வரை அப்படியே இருந்தோம்.

வெளி மனிதர் ஒருவர் என்னைத் தொட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. ஆனால் அந்தப் பாரம் எனக்காக வந்ததல்ல என்பது எனக்குத் தெரியும். உனக்குச் சேர வேண்டியதை உன் மகள் என் தோளில் இறக்கி வைத்தாள். கொண்டுவந்து உன்னிடம் கொடுக்க வழியில்லாமல் நானே வைத்துக்கொண்டிருக்கிறேன், அக்கா, இந்த இடது தோளில்.